அறுபது பாகைக்கு அஞ்ச வேண்டாம்

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து விடிய விடிய ஆடி முடிந்த காலை. மூன்று கமராக்களின் மெமரி காட்டுகளும் மேசையில் கிடந்தன. தம்பி ஒருவர் அவற்றைக் கொம்பியூட்டரின் எஸ்எஸ்டிக்கு இறக்கிக்கொண்டிருந்தார். வெளியே கச்சான் காற்று அனலாக அடித்தது. திரையின் ஓரத்தில் டிரைவின் வெப்பம் 62 என்று காட்டியதும் பக்கத்தில் நின்ற பெரியவர் பதறிப்போனார். "எரியப்போகுது மனே, நிப்பாட்டு!" தம்பியும் பயந்துபோய்ச் சுவிட்சையே அணைத்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்தது. மெமரி காட்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் அந்த இரவு தப்பியது.

62 பாகையில் அந்த டிரைவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெரும்பாலான எஸ்எஸ்டிகளுக்கு 0 முதல் 70 பாகை செல்சியஸ் வரை வேலை செய்யலாம் என்று தயாரிப்பாளர்களே எழுதித் தருகிறார்கள். அதற்கு மேலே போனாலும் உள்ளிருக்கும் கொன்ட்ரோலர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பல டிரைவுகளில் 80ஐ அண்டும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துச் சூட்டை இறக்கும். அதையும் மீறினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அறையே 34 பாகையில் இருக்கும் ஆனி, ஆடி மாதங்களில், பெட்டிக்குள் இருக்கும் டிரைவ் சும்மா நிற்கும்போதே 45, 50 காட்டுவது நம் ஊருக்கு இயல்பு. குளிர்நாட்டுக்காரர் யூடியூபில் காட்டும் 35ஐ நம் வீட்டில் தேடக்கூடாது.

கூத்துப் பதிவை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது இரவு முழுவதும் ஆடுவதைச் சுருக்கித்தான் கொண்டுபோனார். அவரிடம் ஆடிப் பழகிய சி. மௌனகுரு பின்னாளில் அந்தப் பணியைத் தொடர்ந்தார். மேடைக்கு அந்தச் சுருக்கம் தேவைப்பட்டது. ஆனால் வட்டக்களரியில் விடிய விடிய ஆடும் முழு வடிவம் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் நினைவிலும் கால்களிலும்தான் இருக்கிறது. அதை முழுதாகப் பதிய வேண்டும் என்று இப்போது பல ஊர்களில் இளைஞர்கள் இறங்கியிருக்கிறார்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிகாபைட் ஆகும். எட்டு மணி நேரத்துக்கு 360. மூன்று கமரா என்றால் ஒரே இரவுக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். 4 டெராபைட் டிரைவ் வாங்கினால் மூன்று கூத்துடன் நிறைந்துவிடும். ஆகவே பெரிய டிரைவ் அவர்களுக்கு ஆடம்பரச் செலவு அல்ல. ஆனால் அதை வாங்கப்போகும்போது காதில் விழும் ஆலோசனைகளில் பாதி பிழை.

"பெட்டியில் 14,000 என்று போட்டதை வாங்கு, அதுதான் வேகம்."

அந்த எண் நொடிக்கு மெகாபைட்டில் சொல்லப்படுவது. பிசிஐஇ இணைப்பின் ஐந்தாம் தலைமுறை டிரைவ் அந்த அளவை எட்டும் என்பது உண்மைதான். ஆனால் நமது வீடியோ வருவது மெமரி காட்டிலிருந்து. பலர் வைத்திருக்கும் யூஎச்எஸ்-1 வகைக் காட்டின் இணைப்பே நொடிக்கு 104 மெகாபைட்டுக்கு மேல் தராது. நடைமுறையில் 90 கிடைக்கும். 360 ஜிகாபைட் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிரைவ் 14,000 வேகமென்றாலும், பழைய சாட்டா டிரைவின் 550 வேகமென்றாலும் அந்த ஒரு மணி நேரம் மாறாது. வாய்க்காலில் வருகிற தண்ணீர்தானே வயலுக்குப் பாயும். மாறுவது சூடுதான். வேகம் கூடிய டிரைவ் அதிக மின்சாரம் எடுத்து அதிகமாகச் சுடும். நம் வெக்கைக்கு மூன்றாம், நான்காம் தலைமுறை டிரைவே நல்ல தெரிவு.

பெட்டியின் முன்பக்கத்தில் எழுதாத ஒன்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே இருப்பது டிஎல்சி சிப்பா, கியூஎல்சி சிப்பா? டிஎல்சியில் ஒரு கலத்தில் மூன்று பிட், கியூஎல்சியில் நான்கு. நான்கை அடுக்குவது மெதுவான வேலை. அதை மறைக்க, கியூஎல்சி டிரைவ் முதலில் வருவதை வேகமான ஒரு பகுதியில் வாங்கி வைத்துக்கொள்கிறது. சாம்சங் 870 கியூவீஓ 4 டெராபைட் டிரைவில் அந்தப் பகுதி 78 ஜிகாபைட். அது நிரம்பியதும் வேகம் நொடிக்கு 160 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். ஒரு காட்டை மட்டும் இறக்கினால் 160 தாராளம். மூன்று காட்டுகளையும் ஒன்றாக இறக்கினாலோ, ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்குக் கொப்பி பண்ணினாலோ அங்கேதான் இழுபறி. எடிட்டிங் செய்பவர் டிஎல்சிக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். பதிந்து சேர்ப்பவருக்குக் கியூஎல்சி போதும். பெயரை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். க்ரூஷல் பி2 என்ற டிரைவில் 2021இல் பெயர் அப்படியே இருக்க, உள்ளிருந்த சிப் டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது.

"எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்ந்துவிடும்."

தேயும். எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதே 870 கியூவீஓ 4 டெராபைட்டுக்கு உத்தரவாத அளவு 1,440 டெராபைட் எழுத்து. வாரம் ஒரு கூத்து பதிந்தாலும் அதைத் தொட 25 ஆண்டு ஆகும்.

"பெரிய ஹீட்சிங்க் போட்டால் பிரச்சினை தீர்ந்தது."

ஹீட்சிங்க் குளிரை உண்டாக்காது. விரல் நீள டிரைவின் சூட்டை ஓர் அலுமினியக் கட்டியில் பரப்பிக் காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். வாங்கிக்கொள்ளக் காற்று ஓடாவிட்டால் சில நிமிடத்தில் கட்டியும் சேர்ந்து சுட்டு நிற்கும். கொம்பியூட்டர்ப் பெட்டியின் முன்பக்கத்தில் 12 சென்ரிமீற்றர் விசிறி ஒன்று உள்ளே ஊதினால், மதர்போட்டோடு வந்த சாதாரணத் தகடே போதும். மதர்போட்டில் இரண்டு இடம் இருந்தால் கிராபிக்ஸ் காட்டுக்கு அடியில் வராத இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். அந்தக் காட்டின் சூட்டுக்குக் கீழே டிரைவைப் படுக்க வைத்துவிட்டுத் தகடு மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. பக்க மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. அவசரத்துக்குச் சரி, பழக்கமாக்கக் கூடாது. கடலோரக் கல்லடி, நாவலடிப் பக்கத்தில் வீட்டு யன்னல் கம்பியே சில வருடத்தில் துருவேறிப் பொரிகிறது. அதே உப்புக்காற்றைத் தூசியோடு மதர்போட்டுக்கு ஏன் ஊதிவிட வேண்டும்?

ஒருமுறை ஒருவரின் கொம்பியூட்டரைத் திறந்தேன். தகடு பூட்டியும் டிரைவ் 80ஐத் தொடுகிறது என்றார். திருகாணியைக் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். தகட்டுக்கும் சிப்புக்கும் நடுவில், தொட்டால் மெத்தென்று அமுங்கும் சாம்பல் நிறப் பட்டை. அதன்மேல் மெல்லிய நீலப் பிளாஸ்ரிக் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. மூலையில் நகத்தை விட்டு நெண்டினேன், "சர்" என்று ஒரே இழுப்பில் வந்துவிட்டது. திரும்பப் பூட்டி அதே கோப்பைக் கொப்பி பண்ணியபோது 66க்கு மேல் ஏறவில்லை. தகடு பூட்டும் எல்லோரும் இந்தத் தாளை இரண்டு பக்கமும் பாருங்கள். டிரைவில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளரின் லேபலை மட்டும் உரிக்காதீர்கள். உத்தரவாதம் போய்விடும். சில லேபல்களுக்குள் சூடு பரப்பும் செப்புப் படலமே இருக்கிறது. பெரிய கொள்ளளவு டிரைவுகள் சிலவற்றில் அடிப்பக்கத்திலும் சிப் இருக்கும். மெல்லிய லெப்டொப்பில் அது பொருந்துமா என்று வாங்க முன்னர் கேளுங்கள்.

"பதிந்ததும் கழற்றி அலுமாரியில் வைத்தால் காலத்துக்கும் இருக்கும்."

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். எஸ்எஸ்டி தகவலை நுண்கலங்களில் அடைத்த மின்னூட்டமாக வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வீட்டுப் பாவனை டிரைவுகளுக்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: உத்தரவாத எழுத்து முழுவதும் தீர்ந்த டிரைவ், மின்சாரம் இல்லாமல் 30 பாகையில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். புதிய டிரைவ் அதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அலுமாரி 30இல் நிற்பதில்லை. எழுதும்போது சற்றுச் சூடாக இருப்பது இந்தக் கலங்களுக்கு நல்லது, சும்மா கிடக்கும்போதுதான் குளிர் தேவை. நாமோ ஓடும்போது 62ஐக் கண்டு பதறுகிறோம், ஓடாதபோது வெக்கைக்குள் பூட்டிவைக்கிறோம். நெடுங்காலம் வைக்க வேண்டியதைச் சுழலும் பழைய ஹாட்டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டியை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பூட்டி முழுதாக வாசித்துப் பாருங்கள்.

"பதினாறு டெராபைட், சில ஆயிரம் ரூபாய்தான்."

அது டிரைவே அல்ல. இன்று வீட்டுக் கொம்பியூட்டருக்குக் கிடைக்கும், மதர்போட்டில் நேரே பூட்டும் எம்.2 டிரைவின் உச்சக் கொள்ளளவு 8 டெராபைட், அதன் விலையும் சில ஆயிரத்தில் வராது. மலிவுப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே சின்ன மெமரி காட் ஒட்டியிருக்கும். கொள்ளளவைப் பெரிதாகக் காட்டும்படி பொய் எழுதியிருப்பார்கள். உண்மையில் இருக்கும் இடம் நிரம்பிய பிறகு வரும் கோப்புகள் பெயரளவில் இருக்கும், திறந்தால் வெறுமை. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் முழு இடத்தையும் எழுதித் திரும்ப வாசித்து உண்மையைக் காட்டிவிடும். கடைக்காரர் திருப்பி எடுக்கும் நாட்களுக்குள் அதைச் செய்துவிடுங்கள். 4 டெராபைட் டிரைவ் விண்டோஸில் 3.63 என்று காட்டுவது மட்டும் ஏமாற்று இல்லை. ஆயிரமாக எண்ணுவதற்கும் 1,024ஆக எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

சூட்டைவிடக் கரண்ட் போவதற்குப் பயப்படலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. பெரிய நிறுவனங்களுக்கான எஸ்எஸ்டிகளில், கரண்ட் போன கணத்தில் கையிலிருப்பதை எழுதி முடிக்கக் கொள்ளளவிகள் இருக்கும். நாம் வாங்கும் டிரைவுகளில் பொதுவாக அவை இல்லை. ஹீட்சிங்க்குக்கு ஒதுக்கிய காசை ஒரு யூபிஎஸ்ஸில் போட்டால் பாதியில் அறுந்த கோப்புகள் குறையும்.

நான் சந்திக்கும் பதிவுக்காரர்களிடம் கடைசியாகக் கேட்பது, இரண்டாவது பிரதி எங்கே என்று. "அதே மேசை லாச்சிக்குள்" என்பார்கள். 1978 நவம்பர் சூறாவளி இந்த மாவட்டத்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியில் கடல் வீட்டையும் லாச்சியையும் சேர்த்தே கொண்டுபோனது. வாவி நடுவில் இருக்க, ஒரு கரை எழுவான், மறுகரை படுவான் என்று நமக்கு இரண்டு கரை இருக்கிறது. அன்று சுவிட்சை அணைத்த தம்பி இப்போது ஒரு பிரதியைத் தன் வீட்டில் வைக்கிறார். மற்றதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தைக் கடந்து, அந்தக் கூத்தை ஆடிய ஊரிலேயே அண்ணாவியாரின் மகளிடம் கொடுத்துவிட்டு வருகிறார்.