படகுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் முன் படிக்க வேண்டியவை

மீன்பிடிப் படகுக்கான காப்பீடு பொதுவாக ஓராண்டுக்கு உரியது. ஆண்டு முடிவில் புதுப்பித்தல் அறிவிப்பு வந்ததும், உரிமையாளர்கள் பலர் பிரீமியத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் செலுத்திவிடுகின்றனர். எந்த இழப்புக்கு இழப்பீடு கிடைக்காது என்பதைப் படிப்பவர் சிலரே. வங்கிக் கடனில் வாங்கிய படகாயின் இதன் விளைவு கடுமையானது. படகும் மூழ்கி, இழப்பீடும் மறுக்கப்பட்டால், கடன் மட்டுமே எஞ்சும்.

சட்டம் விலக்கும் இழப்புகள்

1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 55ஆம் பிரிவில் சில இழப்புகளை விலக்குகிறது. உரிமையாளர் வேண்டுமென்றே செய்த தவறால் விளையும் இழப்புக்கு எந்நிலையிலும் இழப்பீடு இல்லை. சாதாரணத் தேய்மானம், இயல்பான கசிவு, எலி, பூச்சி ஆகியவற்றால் வரும் சேதம், கடல் அபாயத்தால் நேரடியாக நேராத இயந்திரப் பழுது ஆகியவற்றுக்கும், பத்திரத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, இழப்பீடு கிடையாது.

அடிப்பலகை நாட்பட உளுத்து நீர் புகுந்தால் அது தேய்மானம். அதே பலகை பாறையில் மோதி உடைந்தால் அது கடல் அபாயம். சர்வேயர் முதலில் ஆராய்வது இந்த வேறுபாட்டையே. பழுதுபார்த்த ரசீதுகளையும் தேதியுடன் கூடிய படங்களையும் பாதுகாத்து வைப்பது இதனால்தான் அவசியமாகிறது. கடலுக்குச் செல்லத் தகுதியற்ற நிலையில் இருப்பதை அறிந்தே படகை அனுப்பினால், அக்குறையால் நேரும் இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது.

உறுதிமொழிகள்

விலக்கு வேறு, உறுதிமொழி வேறு. செல்லத்தக்க பதிவும் உரிமமும் இருக்கும், குறிப்பிட்ட கடல் எல்லைக்குள் மட்டுமே தொழில் நடக்கும் என்பன போன்ற நிபந்தனைகள் பத்திரத்தில் உறுதிமொழிகளாக இடம்பெறலாம். இவற்றுள் ஒன்றை மீறினால், மீறிய நாள் முதல் நிறுவனத்தின் பொறுப்பு நீங்கும் என்கிறது சட்டம். மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்ற வாதம் அங்கே துணைசெய்யாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாட்களில் தடையை மீறிச் சென்ற படகுக்கு இழப்பீடு கோருவது மிகவும் கடினம்.

துறைமுகத்தில் நிற்கும்போது

2021 மே 17 அன்று டவ்தே புயல் குஜராத்தின் ஊனா அருகே கரையைக் கடந்தபோது, ஜாஃபராபாத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த படகுகளும் சேதமடைந்தன. ஆகவே, கடலில் இருக்கும்போது மட்டுமன்றி, நங்கூரமிட்ட நிலையிலும், பழுதுபார்க்கக் கரையேற்றிய நிலையிலும் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். அயல்நாட்டுப் படையினர் படகைச் சிறைப்பிடிப்பது பெரும்பாலும் போர் அபாய விலக்கில் அடங்கும். வலைகளும் தனியே கழற்றக்கூடிய இயந்திரங்களும் பட்டியலில் குறிப்பிடப்பட்டால்தான் பல பத்திரங்களில் சேரும்.

எவ்வளவு தொகைக்கு?

கடன் பாக்கி எவ்வளவோ அவ்வளவுக்குக் காப்பீடு போதும் என்று சிலர் கருதுகின்றனர். இது தவறு. ஓர் எடுத்துக்காட்டு: படகின் மதிப்பு ரூ.30 லட்சம், கடன் பாக்கி ரூ.18 லட்சம், காப்பீடும் ரூ.18 லட்சம் மட்டுமே. புயலில் ரூ.5 லட்சம் சேதம் என்றால், குறைக் காப்பீட்டு விதிப்படி 60 விழுக்காடாகிய ரூ.3 லட்சமே கணக்கில் வரும். உரிமையாளர் ஏற்க வேண்டிய கழிவுத் தொகை அதிலும் குறையும். படகு முழுவதும் மூழ்கினாலோ, கிடைக்கும் ரூ.18 லட்சமும் வங்கியின் கடனுக்கே சென்றுவிடும். உரிமையாளர் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே காப்பீட்டுத் தொகை படகின் இன்றைய மதிப்புக்கு ஈடாக இருத்தல் வேண்டும். புதிய இயந்திரம் பொருத்தியிருந்தால் அதன் விலையையும் சேர்த்துத் தெரிவியுங்கள்.

முழு இழப்புக்கு மட்டுமான காப்பீட்டில் பிரீமியம் குறைவு. ஆனால் உடைந்த படகைச் சீராக்கும் செலவு அதில் கிடைக்காது. ஒரே படகை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பகுதி இழப்பையும் உள்ளடக்கிய காப்பீடே பொருத்தமானது.

படகுக் காப்பீடு படகில் செல்வோரின் உயிருக்கு ஈடாகாது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் உள்ள குழு விபத்துக் காப்பீடு, மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு ரூ.5 லட்சம் வழங்க வகைசெய்கிறது. ஆட்களின் பெயர் அதில் பதிவாகியுள்ளதா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புதுப்பிக்கும் முன்

1. பழைய பத்திரத்தையும் புதிய பத்திரத்தையும் அருகருகே வைத்து விலக்குகளை ஒப்பிடுங்கள்.
2. இயந்திரம், துறைமுகம், தொழில் செய்யும் எல்லை ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்களை எழுத்து மூலம் தெரிவியுங்கள்.
3. உரிமமும் பதிவும் காப்பீட்டுக் காலம் முழுவதும் செல்லுமா என்று பாருங்கள்.
4. பழைய பத்திரம் முடியும் நாளுக்கு முன்பே பிரீமியத்தைச் செலுத்துங்கள். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 64விபி பிரிவின்படி, பிரீமியம் பெறாமல் நிறுவனம் பொறுப்பேற்க இயலாது. இடையில் ஒரு நாள் விடுபட்டாலும் அந்த நாளில் நேரும் இழப்பு உங்களுடையதே.
5. புதிய பத்திரத்தின் நகலைக் கடன் பெற்ற கிளையில் சேர்ப்பியுங்கள்.

பத்திரத்தில் ஒரு வாசகம் புரியவில்லை என்றால், பணம் செலுத்தும் முன்பே விளக்கம் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். கேட்கத் தயங்கிய கேள்வியின் விலை, இழப்பு நேர்ந்த பின்னரே தெரியவரும்.