விறகை மிச்சம் பிடிப்போம்

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் கையிலுள்ள காசு கூரைக்கும் விதைக்குமே காணாது. அதில் விறகுக்கும் காசு கொடுப்பது பாரம்தான். அதற்காக, மிதிவெடி அகற்றி முடியாத காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போகவே வேண்டாம். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம்.

மிச்சத்தை அடுப்படியிலேயே பிடிக்கலாம். மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். கற்களைச் சுற்றிக் களிமண் அணைத்து, விறகு வைக்க முன்பக்கம் மட்டும் வாய் விடுங்கள். மண்ணைப் பாதுகாப்பானது எனக் கையளிக்கப்பட்ட காணியிலிருந்தே எடுங்கள். கடலை, பயறு, கௌபியை இரவே ஊறப் போடுங்கள். பானையை மூடி அவியுங்கள். சோறு முக்கால் பதம் வந்ததும் கொள்ளியை இழுத்துவிட்டால் மிகுதி தணலிலேயே வெந்துவிடும். வயதுபோன அம்மாமாருக்கு இது புதிதல்ல. முகாமில் இருந்த காலத்தில் பலருக்கு விட்டுப்போன பழக்கம்.

ஈர விறகு புகையுமே தவிர எரியாது. வெயிலில் காயவைத்து, மழை படாமல் அடுக்குங்கள். பொச்சு, பன்னாடை, சிரட்டையைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். தேநீருக்கு அவையே போதும். சமையல் முடிந்ததும் கொள்ளியை மண்ணில் குத்தி அணையுங்கள். சிரட்டைக்கரி பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மினுக்க உதவும்.