காட்டுயிர் ஒளிப்படமும் நெல்லை மண்ணும்

முன்னுரை

பயணத்தைச் 'சபர்' என்றும், கடல் கடந்து சென்று திரும்புவோரைச் 'சபராளி' என்றும் கூறுதல் தமிழ் முஸ்லிம்களின் வழக்கு. இதே அரபுச் சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் புகுந்து 'சஃபாரி' ஆயிற்று. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அங்கு மேற்கொண்ட சஃபாரி, வேட்டைப் பயணமாகும். 1977இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. இன்று சஃபாரி செல்வோர் கையில் துப்பாக்கி இல்லை. ஒளிப்படக் கருவி உள்ளது. கருவி மாறினால் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெல்லை தந்த கலைஞர்

'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலைத் தந்த அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை குறித்து எழுதி வந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்துள்ளார்.

கிருஷ்ணனின் காட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. ஆப்பிரிக்கப் புல்வெளியில் விலங்குகள் தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்படும்; ஊர்தியில் அமர்ந்தவாறே படம் எடுக்கலாம். தாமிரபரணி பிறக்கும் பொதிகைச் சாரலிலோ மரச்செறிவு மிகுதி, வெளிச்சம் குறைவு. களக்காடு முண்டந்துறைக் காடுகளில் சிங்கவால் குரங்கு உயர்ந்த மரக்கிளைகளிலேயே வாழ்கின்றது. அது எக்கனியை உண்ணும், எவ்வழியே செல்லும் என்பன அறியாதார்க்குக் கருவி பயன்படாது. எனவே இங்கு படத்துக்கு முற்பட்டது அறிவே எனலாம்.

படம் எடுக்கும் நெறி

1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவ்வூர் மக்கள் அவற்றைத் துரத்துவதில்லை, விருந்தினராகவே போற்றுகின்றனர். ஆனால், படம் எடுக்கும் ஆர்வத்தால் ஒருவர் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சிப் பறக்கும். காப்பற்ற முட்டை வெயிலில் வெந்துபோகும். குஞ்சைக் காகம் கவரும். நல்ல படம் கிடைத்திருக்கும், உயிர் போயிருக்கும். துப்பாக்கி செய்ததைக் கருவியும் செய்துவிட்டது அன்றோ?

முடிவுரை

ஆகவே, அஞ்சும் உயிரைக் கண்டதும் பின்வாங்குதலே இக்கலையின் முதற்பாடம் எனத் துணியலாம். கைப்பேசி ஏந்தும் மாணவர் ஒவ்வொருவரும் இன்று ஒளிப்படக் கலைஞரே. எடுத்த படத்தின் கீழே அவ்வுயிரின் தமிழ்ப் பெயரையும், கண்ட இடத்தையும் நாளையும் எழுதிவைப்போமாக. பெயர் மறந்த உயிரைக் காக்க எவரும் முன்வாரார். எடுக்காமல் விட்ட படத்தாலும் காடு வாழும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.