நீலக்கொடியும் நம்ம கடற்கரையும்

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)



"பீச்சுக்குப் போகலாமா?" என்று யாராவது கேட்டால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். கடல் நம்ம தெருக்கோடியிலேயே இருக்கிறது. ஆனாலும் கால் நனைக்க மெரினாவுக்குத்தான் பஸ் ஏறுகிறோம். அதே சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் கோவளம் கடற்கரைக்கு 2021-இல் 'நீலக்கொடி' என்ற உலகத் தரச் சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் அதைப் பெற்ற முதல் கடற்கரை அதுதான். அந்தக் கொடி என்ன கேட்கிறது? நம்ம கரையில் எது குறைகிறது? டிப்ளமா படிக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கொடி பிறந்த கதை

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இருக்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளைதான் இந்தச் சான்றைத் தருகிறது. ஆனால் கொடி பிறந்த இடம் பிரான்ஸ். 1985-இல் அங்கே 11 கடலோர ஊர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் தெரியுமா? மணலின் அழகையோ ஓட்டல் வசதியையோ அல்ல. ஊர்ச் சாக்கடையை எப்படிச் சுத்திகரிக்கிறார்கள், குளிக்கிற கடல்நீர் எப்படி இருக்கிறது என்ற ரெண்டே விஷயம்தான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

1987-இல் இது மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது. 2001-இல் தென்னாப்பிரிக்கா சேர்ந்தது. இந்தியாவில் 2020 அக்டோபரில் ஒரே தடவையில் எட்டு கடற்கரைகள் பெற்றன: குஜராத்தின் சிவராஜ்பூர், டையூவின் கோக்லா, கர்நாடகத்தின் காசர்கோடு, படுபித்ரி, கேரளத்தின் காப்பாடு, ஆந்திரத்தின் ருஷிகொண்டா, ஒடிசாவின் புரி, அந்தமானின் ராதாநகர். 2021-இல் கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும், 2022-இல் லட்சத்தீவின் துண்டியும் கத்மத்தும் சேர்ந்தன.

நான்கு பாடம், 33 கேள்வி

மொத்தம் 33 நிபந்தனைகள். அவற்றை நான்கு தலைப்பில் அடக்கலாம்.

1. நீரின் தரம்: குளிக்கும் காலத்தில் குறைந்தது ஐந்து தடவை மாதிரி எடுக்க வேண்டும். ரெண்டு மாதிரிகளுக்கு நடுவே 31 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. ஆட்கள் அதிகம் குளிக்கும் இடத்தில், நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே எடுக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 'ஈ.கோலை' 250-க்கு மேலும் 'என்டரோகாக்கை' 100-க்கு மேலும் போகக் கூடாது. இந்த ரெண்டு கிருமிகளும் குடலில் வாழ்பவை. கடலில் அவை இருந்தால், மனிதக் கழிவோ மிருகக் கழிவோ அங்கே கலக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஃபெயில்தான்.

2. தகவலும் கல்வியும்: நீர்ப் பரிசோதனை முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். குளிக்க வருகிறவர் அதிகாரியைத் தேடி அலையக் கூடாது.

3. நிர்வாகம்: குப்பைத் தொட்டி, கழிப்பறை, அதன் கழிவுநீர் போகும் வழி, கடலோர உயிரினங்களின் பாதுகாப்பு எல்லாம் இதில் வரும்.

4. பாதுகாப்பும் வசதியும்: உயிர்காப்பாளர், மிதவை, முதலுதவி, குடிதண்ணீர், மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வழி.

இதில் ஒரு விசேஷம் உண்டு. நம்ம டிப்ளமா ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். நீலக்கொடி அப்படி இல்லை. ஒரு பருவத்துக்கு மட்டும்தான் செல்லும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் தரம் குறைந்தால் கொடியை இறக்கிவிட வேண்டும்.

நானும் வகுப்புத் தோழர்கள் மூன்று பேரும் கோவளம் போய்ப் பார்த்தோம். கொடி ஊர்க் கரை முழுவதுக்கும் அல்ல, எல்லை குறித்த ஒரு பகுதிக்கு மட்டும்தான். பக்கத்திலேயே மீனவர்களின் படகும் வலையும் இருந்தன. குளிக்கிறவர்களும் தொழில் செய்கிறவர்களும் ஒரே ஊரில் இருக்கலாம் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

இப்போ நம்ம பக்கம் வருவோம்

முதல் கேள்வி மணல். நம்ம கடற்கரையில் அலை வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1876-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அலை தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே வரவேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கிலேயே தங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். ராயபுரத்திலிருந்து வடக்கே வந்த அலைக்கு மணல் கிடைக்கவில்லை, கரையையே அரித்தது. தெருக்களும் வீடுகளும் போயின. பிறகு கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள். ஆக, மெரினாவில் நாம் உட்காரும் மணலில் நம்ம பங்கும் இருக்கிறது!

ரெண்டாவது எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற ரெண்டு கப்பல்கள் மோதின. கசிந்த கறுப்பு எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி ஒதுங்கியது. அதை மனிதர்கள் பக்கெட்டில் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்துப் போயின.

மூன்றாவது கழிவுநீர். கால்வாயும் மழைநீர் வடிகாலும் எதைச் சுமந்து வருகின்றனவோ அதுதான் கடலில் சேரும். மேலே உள்ள தெருவில் சாக்கடை இணைப்பு சரியாக இல்லையென்றால், கரையில் எத்தனை குப்பைத் தொட்டி வைத்தாலும் ஈ.கோலை குறையாது. பிரான்ஸில் சாக்கடையிலிருந்து ஆரம்பித்த காரணம் இப்போது புரிகிறதா?

யார் குளிக்கிறார்கள்?

நம்ம நாட்டு விதிகளில் கடலோர நீரை உபயோகத்தைப் பொறுத்து ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். குளிப்பதற்கான நீர் இரண்டாம் வகை. அதில் 100 மில்லிக்கு மலக் கோலிஃபார்ம் 100-க்குள்ளும், உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள்ளும், கரைந்த ஆக்ஸிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். துறைமுக நீர் நான்காம் வகை. அங்கே கோலிஃபார்ம் 500 வரை போகலாம்.

காகிதத்தில் இது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காசிமேட்டிலோ எண்ணூரிலோ போய்ப் பாருங்கள். நம்ம தம்பி தங்கைகள் கடலில் குதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது எந்த வகைத் தண்ணீர் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? மீன்பிடிக்கும் அண்ணன்மார் தினமும் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகு தள்ளுகிறார்கள். கொடி வருகிறதோ இல்லையோ, தண்ணீரின் நிலவரம் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

கொடி கேட்டு ஊர்வலம் போகச் சொல்லவில்லை. படகுகளை அப்புறப்படுத்திவிட்டுக் குடை நடும் அழகுபடுத்தலும் நமக்கு வேண்டாம். மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று: ஆண்டு புராஜெக்டாக ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மூன்று இடத்திலும் மாதம் ஒரு தடவை மாதிரி எடுப்போம். பி.எச்., கலங்கல், கரைந்த ஆக்ஸிஜன் மூன்றையும் நம்ம சுற்றுச்சூழல் லேபிலேயே பார்க்கலாம். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும்.

இரண்டு: முடிவைத் தமிழில் எழுதி மீனவர் சங்கத்திலும் நம்ம நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுவோம். நல்ல முடிவு, கெட்ட முடிவு ரெண்டையும் ஒட்ட வேண்டும்.

மூன்று: கடலில் விழும் ஒவ்வொரு வடிகாலையும் வரைபடத்தில் குறிப்போம். சர்வே படித்த நமக்கு இது கஷ்டமா என்ன? அடுத்த வருஷம் வரும் ஜூனியர் அதே படத்தில் எது மூடப்பட்டது, எது புதிதாக வந்தது என்று குறிக்கட்டும்.

சிவில்காரனுக்குக் குழாயும் தூண்டில் வளைவும், மெக்கானிக்கல்காரனுக்குப் பம்பு, எலக்ட்ரிக்கல்காரனுக்கு அதன் மோட்டார், கெமிக்கல்காரனுக்குப் பரிசோதனை என்று எல்லாப் பிரிவுக்கும் இதில் வேலை இருக்கிறது. நாளைக்கு நம்மில் பலர் இதே மணலி, எண்ணூர் ஆலைகளில்தான் வேலைக்குச் சேரப் போகிறோம். அங்கே கழிவுநீர் வால்வைத் திறக்கும் கை நம்ம கையாக இருக்கலாம். அந்தக் குழாயின் மறுமுனையில் யார் குளிக்கிறார்கள் என்று தெரிந்தவனாக அங்கே நிற்போம், நண்பர்களே!