குடியை விட்டவன் துக்கம்

தீய வழக்கமொன்றை ஒருவன் விட்டொழித்தானாயின் சுற்றத்தார் மகிழ்கின்றனர். அவனும் மகிழவேண்டுமென எதிர்பார்க்கின்றனர். அவனோ பல நாள் வாடிய முகத்தினனாயிருக்கக் காண்கிறோம். "நல்லதுதானே நடந்தது, இவனுக்கு என்ன குறை?" என்று வீட்டார் சலித்துக்கொள்வர். அக்குறை யாதென ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நம் தருமபுரிச் சீமையார்க்கு இப்பொருள் புதிதன்று. ராஜாஜி அவர்கள் தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசாங்கம், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, மதுவிலக்கை முதன்முதல் அமலுக்குக் கொணர்ந்தது சேலம் ஜில்லாவிலேயாம். 1965-இல் தனி மாவட்டமான தருமபுரி அந்நாளில் அதன் பகுதியாயிருந்தது. சட்டம் ஒரே நாளில் கடைகளை மூடிற்று. ஆயினும், கடையிற் கழிந்த மாலைப்பொழுதை இனி எவ்வாறு போக்குவது என்னும் வினா எஞ்சிநின்றது. அதனை உணர்ந்தே பஜனை, நாடகம், விளையாட்டு முதலியவற்றை ஊர்களில் ஏற்படுத்த முயன்றனர். ஒன்றை நீக்கினால் அவ்விடம் வெறுமையாகும் என்பதை அன்றே கண்டனர்.

குடியை விட்டவன் இழப்பவை மூன்று. முதலாவது, அவனறிந்த ஆறுதல். நெடுநாள் மதுவுக்குப் பழகிய மூளை, அது நின்றபின் சிலகாலம் எதிலும் இன்பங்கொள்வதில்லை. உணவும் இசையும் மழலையும் சுவையற்றுப்போம். இது மனவுறுதியின் குறைவன்று. மூளை பழைய நிலைக்குத் திரும்ப வாரங்களும் மாதங்களும் ஆகும். இரண்டாவது, கூட்டாளிகள். அவர்களோடு நட்பும், பகடியும், தனக்கென்றிருந்த ஓரிடமும் போகின்றன. மூன்றாவதே கொடியது. ஈன்ற தாய் இறந்த அன்று அழாமற் குடித்தவன், அவ்வழுகையை இப்பொழுது அழவேண்டியவனாகிறான். விற்ற நிலமும், உடனிருந்தும் காணாதுபோன மக்களின் இளமையும் தெளிந்த கண்முன் வந்து நிற்கின்றன.

மனைவிக்கும் துக்கமுண்டு. கழிந்த ஆண்டுகளை அவளுக்கு யார் திருப்பித் தருவார்? அவன் திருந்திய பின்னரே அவள் சினம் வெளிப்படுதலும் உண்டு. அதனை நன்றிகேடு என்று கருதுதல் பிழை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் அங்கே சிகிச்சையில் இடமளிக்கப்பட்டது. துக்கமறிந்தவர் கண்ட வழி அது.

ஒருவர் இறந்தால் நம் ஊரார் கூடியிருந்து அழுவர், ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாட் சடங்கும் உண்டு. குடியை விட்டவன் இழப்புக்கோ சடங்கில்லை, விசாரிப்பாரும் இல்லை. அடக்கிய துக்கம் அவனை மீண்டும் கடைவாயிலுக்கே இட்டுச்செல்லும். ஆதலின் கேட்பார் ஒருவர் வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோய்ப்பட்ட இருவர் தம் துயரை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டதினின்றே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம் தோன்றிற்று. அதன் கூட்டங்கள் இன்று நம் நாட்டிலும் நடைபெறுகின்றன.

மாணவ நண்பர்காள், விடுமுறையில் ஊர் செல்லும்போது இத்தகையோரைக் காண்பீர்கள். இரண்டொரு செய்திகளை மனத்திற்கொள்ளுங்கள். மிகுதியாய்க் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே கேடு வரலாம். முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பின்னர் துயரம் மிகுந்து, வாழ்வே வேண்டாமென்று அவன் பேசினால், தனியே விடாது உடனிருந்து மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். மற்றைய நாட்களில் அறிவுரை கூறவேண்டா. மாலை வேளையில் அவனருகே அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்டாலே போதும்.

பெத்தானியாவில் லாசருவின் கல்லறையண்டை நம் ஆண்டவர் அழுதாரென்று சுவிசேஷத்திற் காண்கிறோம். சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் அழுதார். உயிர்த்தெழும் நாளிலும் கண்ணீருக்கு இடமுண்டு. குடியினின்று எழுபவனுக்கும் அவ்விடத்தை நாம் மறுக்கலாகாது.