பாடம் 7: மலாப்பறம்புப் பள்ளி

நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறும். பெற்றோர் தனியார் பள்ளிகளை நாடுவர். அப்போது பொதுப்பள்ளியில் மாணவர் குறைவர். பள்ளியின் இருப்பே கேள்விக்குரியதாகும்.

கோழிக்கோடு நகரில் மலாப்பறம்பு என்னுமிடத்தில் முன்பு அரசு உதவி பெற்றுவந்த பழமையான பள்ளி உள்ளது. 2014 ஏப்ரலில் அதன் கட்டடம் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. ஊர்மக்கள் பொருள் திரட்டி அதனை மீண்டும் எழுப்பினர். 2016 ஜூனில் நீதிமன்ற ஆணைப்படி பள்ளி மூடப்பட்டது. ஆயினும் படிப்பு நிற்கவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வகுப்புகள் நடைபெற்றன. பின்னர்க் கேரள அரசே பள்ளியை ஏற்றுக்கொண்டது.

மாணவர்களே! போனக்காட்டில் தேயிலை ஆலை நின்றபின் பல குடும்பங்கள் வெளியேறியதை அறிவீர்கள். மக்கள் குறைந்தால் மலைப்பள்ளியும் தளரும். கட்டடத்தை மக்கள் எழுப்பலாம். ஆசிரியரையும் ஊதியத்தையும் அரசே தரவேண்டும். இரண்டும் இருந்தும் பிள்ளைகள் வாராவிடில் பள்ளி நிலைக்காது.

சொற்பொருள்
நாடுவர் – விரும்பிச் செல்வர்
இருப்பு – நிலைத்திருத்தல்
திரட்டி – சேர்த்து

வினாக்கள்
1. பொதுப்பள்ளியில் மாணவர் குறைவது ஏன்?
2. மலாப்பறம்புப் பள்ளியைக் காத்தவர் மக்களா, அரசா? காரணம் கூறி எழுதுக.
3. உம் பள்ளிக்கு வேண்டுவன குறித்துத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் வரைக.