நௌரு

பசிபிக் மாக்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கில், நௌரு என்னும் சிறு தீவு தனித்துக் கிடக்கின்றது. அதன் பரப்பு 21 சதுரக் கிலோமீட்டரே. கரையோரச் சாலையில் காலையில் நடக்கத் தொடங்கும் ஒருவன், மாலைக்குள் தீவை வலம்வந்து புறப்பட்ட இடத்தையே அடைந்துவிடுவான். ஆயினும் அது தன்னாட்சி பெற்ற குடியரசு. சட்டப்படி தலைநகர் என்று அதற்கு ஒன்று இல்லை. யாரென் என்னும் பகுதியில் ஆட்சிமன்றம் கூடுகின்றது. அந்நாட்டில் ஆறுகளும் இல்லை.

இத்தீவின் வரலாற்றை மாற்றியது ஒரு கல். சிட்னி நகரில் வணிகக் கழகமொன்றின் அலுவலகத்தில், கதவு மூடிக்கொள்ளாதவாறு முட்டுக் கொடுப்பதற்கு அக்கல் பயன்பட்டு வந்தது. அது நௌருவிலிருந்து வந்தது; கல்லாய்ச் சமைந்த மரத்துண்டு என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். ஆல்பர்ட்டு எல்லிஸ் என்னும் அலுவலர் 1899ஆம் ஆண்டில் ஐயுற்று அதனைச் சோதித்தார். அது உயர்ந்த பாசுபேட்டுக் கல் எனத் தெரிந்தது! கடற்பறவைகளின் எச்சம் நெடுங்காலம் படிந்து இக்கல் உண்டாயிற்று என்பர். பயிர்களுக்கு உரமாவது அது.

சில ஆண்டுகளில் அகழ்வு தொடங்கியது. தீவினர்க்குக் கிடைத்த பங்கு முதலில் டன் ஒன்றுக்கு அரைப் பென்னியே. முதல் உலகப் போருக்குப்பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் அத்தொழிலைக் கைக்கொண்டன. நௌருவின் மண் கப்பலேறிச் சென்று அயல்நாட்டு வயல்களைச் செழிக்கச் செய்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றி, 1943இல் நௌரு மக்கள் 1,200 பேரைத் தொலைவிலுள்ள திரக்குத் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். எஞ்சிய 737 பேர் 1946 சனவரி 31ஆம் நாள் தாயகம் மீண்டனர்.

அகழ்வு முடிந்தால் நௌரு மக்கள் வாழ இடமின்றித் தவிப்பர் எனக் கருதிய ஆஸ்திரேலியா, தன் கரையருகேயுள்ள கர்ட்டிஸ் தீவில் குடியேற அவர்களை அழைத்தது. அங்குச் சென்றால் தனி இனமாக வாழும் உரிமை நிலைக்காது என்றுணர்ந்த அவர்கள், 1964இல் அதனை ஏற்க மறுத்தனர். கல்லெடுக்கும் தொழிலை விலைகொடுத்து வாங்கினர். 1968 சனவரி 31ஆம் நாள், தாயகம் மீண்ட அதே நாளில், விடுதலை பெற்றனர். ஹாமர் தெரோபர்ட்டு முதற் குடியரசுத் தலைவரானார்.

பின்னர்ச் செல்வம் கொழித்தது. அப்போது வருமான வரி கிடையாது. சொந்த விமானங்கள் பறந்தன. மெல்போர்ன் நகரில் 52 மாடி மாளிகை எழுந்தது. கல் குறையக் குறையப் பொருளும் கரைந்தது. வருங்காலத்திற்கெனச் சேர்த்த நிதியும் தவறான முதலீடுகளில் அழிந்தது. மாளிகையும் விலை போயிற்று. விடுதலைக்கு முன்னர் நேர்ந்த நிலக்கேட்டிற்காக, 1989இல் அனைத்துலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது நௌரு வழக்குத் தொடுத்தது. இத்துணைச் சிறிய நாடு அத்துணைப் பெரிய நாட்டை அறமன்றத்திற்கு இழுத்தது வியப்பன்றோ! 1993இல் ஆஸ்திரேலியா ஈடு தர உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

தீவின் நடுமேட்டில் இன்று பச்சை அரிது. கல் அகற்றிய இடமெங்கும் கூரிய சுண்ணாம்புப் பாறைகள் தூண்களாய் நிற்கின்றன. ஏறத்தாழ 12,000 மக்களுள் பெரும்பாலோர் வாழ்வது கரையோரத்து ஒடுங்கிய நிலத்தில்தான். கடலோ உயர்ந்து வருகின்றது. ஆதலின் அகழ்ந்து கைவிட்ட அம்மேட்டையே திருத்தி, அங்கு வீடுகளும் வயல்களும் அமைக்க அந்நாட்டரசு முனைந்துள்ளது.